கடைசி ஆளுக்கு மல்லாரி

"அன்பார்ந்த முசரவாக்கம் வாழ் பெருமக்களே! தாய்மார்களே! காற்றுக்கே மூச்சு வாங்க வைத்தவர், சிறுத்தைக்குச் சின்ன வயதில் ஓடக் கற்றுக்கொடுத்தவர், பாலாறு ஒரு நாள் இவர் ஓடுவதைப் பார்த்துவிட்டு 'இனி நான் ஓடி என்ன பிரயோஜனம்' என்று படுத்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை! அப்பேர்ப்பட்ட சாயப்பட்டறைச் சிங்கம், வீரபத்திரன் அவர்கள், இதோ, உங்கள் தெருவை நோக்கிப் புயலெனப் பாய்ந்து வந்துகொண்டிருக்கிறார்!"

முசரவாக்கத்து ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சிலர் உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி வந்தபோது தெருக்கோடியில் புயல் தெரிந்தது. புயலுக்கு ஐம்பத்து நான்கு வயது. முட்டியில் உறை, முழங்கை வரை தொங்கும் இலவச டீ-சர்ட், மணிக்கட்டு வரை அரக்குச் சாயம் ஏறிய இரண்டு கைகள். நாய் எழுந்தது, துரத்தலாமா என்று யோசித்தது, இதில் துரத்த என்ன இருக்கிறது என்று மறுபடி படுத்துக்கொண்டது.

புயலுக்குப் பின்னால் பத்தடி விட்டு ஒரு லோடு ஆட்டோ ஊர்ந்து வந்தது. மேலே புனல் ஸ்பீக்கர். ஓட்டியவன் கமல். பின்னால் கால் மேல் கால் போட்டு மைக்கைப் பிடித்திருந்தவள் அவன் தங்கை ஏஞ்சல். அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் கணக்கும் அவளும் மனமொத்துப் பிரிந்துவிட்டார்கள். அதிலிருந்து அண்ணனின் மைக் செட்டோடு கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று போய்க்கொண்டிருந்தாள். அன்று திருப்புட்குழியில் தொடங்கி, முசரவாக்கம் வழியாக வயல்களைச் சுற்றித் திரும்பவும் திருப்புட்குழிக்கே வந்து சேரும் கிராமிய மாரத்தான். இருபத்தோரு கிலோமீட்டர். கடைசி ஆளுக்குப் பின்னால் வந்து, ரோட்டில் வைத்த ஆரஞ்சு கூம்புகளைப் பொறுக்குவதும், முடியாமல் உட்கார்ந்தவர்களை ஏற்றிக்கொள்வதும் ஆட்டோவின் வேலை. மைக் சும்மாதான் இருந்தது. ஏஞ்சல் பக்கத்தில் இருக்கும்போது எந்த மைக்கும் சும்மா இருந்ததில்லை.

காலையில் ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர்கள் பத்து மீட்டர் ஓடினார்கள். போட்டோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். காரில் ஏறினார்கள். போட்டியை நடத்திய ஜிம் குமரகுரு கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பிரசங்கம் செய்தான்.

"எல்லாரும் ஆரம்பத்துல கன்சர்வேட்டிவ் பேஸ்ல போங்க. அப்புறமா ஏத்திக்கலாம்."

வீரபத்திரன் ஏஞ்சலிடம் திரும்பினார். "அப்டின்னா இன்னாமா?"

"அடக்கி வாசிக்கிறது மாமா."

அதை அவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். 'அப்புறமா ஏத்திக்கலாம்' என்ற பாதியை மட்டும் திருப்புட்குழியிலேயே விட்டுவிட்டார்.

இந்த வயதில் அவருக்கு எதற்கு இந்த ஓட்டம் என்றால், அது தோள் விவகாரம். வாரத்தில் ஆறு நாள் பட்டு நூலுக்குச் சாயம் முக்குகிற வீரபத்திரன், திருவிழா நாட்களில் சாமி தூக்குகிறவர். முப்பது வருஷமாக வாகனத்தின் முன் தண்டு அவர் தோளில்தான். போன வைகாசியில், நடுத்தெருவில், அவர் வலது முட்டி மடங்கியது. சாமி ஒரு பக்கம் சாய்ந்தது, மாலை நழுவியது. தூக்குகிறவர்களின் தலைவர் முனிரத்தினம் அன்றே சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷத்துலேர்ந்து நீ தீவட்டி புடி."

தீவட்டி என்றால் ஓய்வூதியம் மாதிரி. வீரபத்திரன் மாசக்கணக்காகக் கெஞ்சினார். கடைசியில் தொல்லை தாங்காமல் முனிரத்தினம், டீக்கடை சுவரில் ஒட்டியிருந்த மாரத்தான் நோட்டீஸைக் காட்டினார். "முட்டி நல்லாக்கீதுன்னு வாயால சொல்லாத. இத ஓடி முடிச்சி மெடலோட வா. முன் தண்டு ஒனக்குத்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீக்கடையும் சிரித்தது. அடுத்த வீட்டுப் பெண் என்ற உரிமையில் ஏஞ்சல் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மெடல் ஒன்பதரை மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு வருகிறவருக்கு வாழைப்பழம்.

வேகம் கூடப் பெரிய பிரச்சினையில்லை. தண்ணீர்ப் பந்தல்தான் பிரச்சினை. மற்றவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் டம்ளரைப் பிடுங்கி, பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனார்கள். வீரபத்திரன் பந்தலைக் கண்டதும் நின்றார். நின்று, பந்தலைப் பார்த்துத் திரும்பி, தோளை நிமிர்த்தி, அசையாமல் காத்திருந்தார். முப்பது வருஷமாக அவர் தெருவில் போனதெல்லாம் சாமிக்குக் கீழேதான். யாராவது பந்தல் போட்டிருந்தால் அது மண்டகப்படி. தட்டு காட்டி, தீபாராதனை முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். இன்றைக்குத் தோளில் சாமி இல்லை என்று அவர் தலைக்குத் தெரியும். காலுக்கு யாரும் சொல்லவில்லை.

முசரவாக்கத்தில் பந்தல் வைத்திருந்தது அஜிதநாதன் வீட்டார். சமணர்கள், பூமிக்கு அடியில் விளைவதைத் தொடாதவர்கள். அதனால் இஞ்சி போடாத மோர். அஜிதநாதன் மனைவி கனகமாலா நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, வீரபத்திரன் வழக்கம்போல் நின்றார்.

"இன்னொரு டம்ளர் குடுக்கட்டாண்ணே?" என்றாள் கனகமாலா.

"வாணாம்மா."

"அப்பறம் எதுக்கு நிக்கிறீங்க?"

மைக் பதில் சொன்னது: "கற்பூரம் காட்டுங்கக்கா, கெளம்பிடுவாரு!"

தெரு சிரித்தது. வீரபத்திரன் திரும்பினார். "பேசினே இரு. எறங்கி ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாரு."

"நான் எறங்கி உங்களுக்குப் பின்னாடி ஓடுனா, அப்புறம் நீங்க கடைசி இல்ல மாமா. முப்பது வருஷ சர்வீஸ்ல கெடச்ச ஒரே பட்டம், அத நான் புடுங்க மாட்டேன்."

கமல் மணியைப் பார்த்தான். "இந்த ரேட்ல போனா வாழைப்பயம் கூட அழுகிடும். ஏத்திக்கினு வூட்டுக்குப் போலாம், இன்னா சொல்ற?"

ஏஞ்சல் செல்போனை எடுத்து மைக் செட் ஒயரில் சொருகினாள். புனலிலிருந்து நாயனமும் தவிலும் எழுந்தன. சாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரி.

வீரபத்திரனின் கால் அவரைக் கேட்கவில்லை. வலது தோள் லேசாக உயர்ந்தது, இடுப்பு ஒரு பக்கம் அசைந்தது, கிளம்பிவிட்டார். தோளில் கண்ணுக்குத் தெரியாத சாமி வாகனம் ஒன்று இருப்பது மாதிரி, குலுங்காமல், ஒரே சீராக, குட்டிக் குட்டி அடியாக. சின்னப் பையன்கள் வழிவிட்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒரு பாட்டி பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமலுக்குச் சிரிப்பில் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை.

"இது எங்கடி கெடச்சுது?"

"யூடியூப்ல. கலாய்க்கலாம்னு எடுத்து வெச்சேன்."

அதற்குப் பிறகு வந்த பந்தல்கள் அத்தனையிலும் அதே வேலைதான். அவர் நிற்பார், ஏஞ்சல் மைக்கில் நாலு வார்த்தை நாறடிப்பாள், உடனே மல்லாரி, அவர் கிளம்புவார். ஒன்று மட்டும் கமலுக்குப் புரியவில்லை. நாயனம் ஓர் இடத்துக்கு வந்ததும் ஏஞ்சல் அவசரமாகக் கட்டை விரலை வைத்து, பாட்டை முதலுக்கே இழுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும்.

"முழுசா வுடேன். இன்னாத்துக்குத் திரும்பத் திரும்ப மொதல்லேர்ந்தே?"

"அதுக்கப்புறம் விளம்பரம் வரும்."

வெயில் ஏறியது. வயல் ரோட்டில் நிழல் என்று சொல்லிக்கொள்ள மின்கம்பத்தின் நிழல் மட்டும்தான். திருப்புட்குழிக் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில், ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் வீரபத்திரன் உட்கார்ந்துவிட்டார். வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முட்டி உறையில் அரக்குச் சாயம் பத்து விரலும் தெரிய ஒட்டியது.

கமல் இறங்கி ஆட்டோவின் பின்கதவைத் திறந்தான். "ஏறுங்க மாமா. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு."

வீரபத்திரன் திறந்த கதவைப் பார்த்தார். அவர் பார்த்தது தீவட்டியை என்று ஏஞ்சலுக்குத் தெரியும். மைக்கை எடுத்தாள். நல்ல நக்கல் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. ஏனோ மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவை எட்டி இழுத்துச் சாத்தினாள்.

"ஏத்தாதண்ணே. சாயம் சீட்ல ஒட்டும்."

ஸ்பீக்கர் சத்தத்தைத் திருகி உச்சத்துக்கு வைத்தாள். மல்லாரி வயலில் இருந்த கொக்குகளைக் கிளப்பியது. கொஞ்ச நேரத்தில் வீரபத்திரனும் கிளம்பினார்.

முடிவிடத்தில் யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. காற்றடைத்த பெரிய வளைவுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்பதரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தும், 'இனி எவன் வரப்போறான்' என்று குமரகுரு காற்று மோட்டாரை நிறுத்திவிட்டான். வேடிக்கை பார்க்க வந்த முனிரத்தினம், வேடிக்கை வராததால் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மல்லாரி கேட்டது. அவர் கை தானாகக் கும்பிடப் போய், பழத்தோடு பாதியில் நின்றது.

வளைவு மூச்சு விட்டுக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது. "மோட்டாரைப் போடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டு ஏஞ்சல் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்தாள். அவளுக்கு முன்னால் வீரபத்திரன் போய்விட்டார். தலைக்கு மேல் ஏதோ சாய்கிறது, அவ்வளவு போதும். வலது தோளைக் கொடுத்தார், நிமிர்ந்தார், சாய்ந்த வளைவு அவர் தோளில் ஏறி நின்றது. தோளில் வளைவோடு, ஆடாமல் அசையாமல், மல்லாரிக்கு ஏற்ற அடியெடுத்து வைத்துக் கோட்டைத் தாண்டினார். தாண்டிய பிறகும் இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாராவது குரல் கொடுக்க வேண்டுமே.

"எறக்குப்பா வீரா," என்றார் முனிரத்தினம். "முன் தண்டு ஒனக்குத்தான். ஆனா சாமிய இவ்ளோ மெதுவா தூக்காத, பொழுது விடிஞ்சிடும்."

நன்கொடையாளரின் சிரித்த முகம் பதித்த மெடலை குமரகுரு அவர் கழுத்தில் மாட்டினான். ஏஞ்சல் விசிலடித்தாள். விரல் வாயில் இருந்ததால் விரல் செல்போனில் இல்லை. செல்போன் ஆட்டோ சீட்டில் கிடந்தது. நாயனம் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

திருப்புட்குழி முழுக்கக் கேட்கிற மாதிரி, உச்ச சத்தத்தில், ஸ்பீக்கரில் முதலில் வீரபத்திரன் குரல் வந்தது: "டேய், முட்டி போச்சுடா... புடிச்சிக்கோங்கடா!" பிறகு போன வைகாசிக் கூட்டத்தின் கூச்சல். அதற்கும் மேலாக, செல்போனுக்கு மிகப் பக்கத்தில், அழுகிற ஒரு பெண்குரல்: "ஐயோ வீரபத்ர மாமா! கர்த்தரே, அவரப் புடிச்சிக்கோ! கர்த்தரே, மாமாவ வுட்றாத!"

கமல் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். முனிரத்தினத்தின் கையிலிருந்து வாழைப்பழத் தோல் நழுவி விழுந்தது.

வீரபத்திரன் மெதுவாகத் திரும்பினார். "அது இன்னாமா?"

ஏஞ்சல் தரையைப் பார்த்தாள். "விளம்பரம் மாமா. யூடியூப்ல நடுவுல வரும்."

"ஓ." அவர் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த பெரிய மனிதரின் முகம் அரக்காகிக்கொண்டிருந்தது. "யூடியூப்காரனுக்கு என் முட்டி மேல அவ்ளோ அக்கறையா? போற வழியில அவன நம்ம வூட்டாண்ட எறக்கி வுடு. வைகாசிக்கு மொத வரிசையில நின்னு அழுவறதுக்கு ஒரு ஆளு வோணும்."