சம்பந்தியம்மாவின் மூக்கு உயரம்

ஸ்டூல் மேல் நின்று, உதடுகளுக்கு நடுவே நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டுதான் கர்ட்டன்காரர் பேசுவார். வாய் காலியாக இருந்தால் அவருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. "யம்மா, அந்தத் தக்காளிச் செடியை ஏன் கம்பியில கட்டியிருக்கீங்க? கழுத்த அறுக்குது பாருங்க" என்பார். ஜன்னலுக்குத் திரை மாட்ட வந்த ஆள் பால்கனியை ஏன் வம்புக்கு இழுக்கிறார் என்று வீட்டம்மா விழிப்பார். அதற்குள் இவர் மிஞ்சிய லைனிங் துணியை நீளநீளமாகக் கிழித்துச் சுருட்டி, கூலி வாங்கும்போது அவர் கையில் வைத்துவிடுவார். "இதுல கட்டுங்க. மெத்துனு இருக்கும்."

ஊரில் முக்கால்வாசி ஜன்னல்கள் அவருக்குப் பழக்கம். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தொட்டிகளும் அப்படியே. செடிப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று தெரியாதவர்கள் அவரைத்தான் தேடி வருகிறார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி: "அவங்களுக்கு எங்க வலிக்குது?"

முட்டி வலிக்கும் பெரியவருக்கு, மண்டியிட்டுக் களை பறிக்கத் திரைத்துணியில் தைத்த தடித்த திண்டு. கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தொட்டி தொட்டியாகத் தேடும் தபால்காரருக்கு, அதில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள மிளகாய்ச் சிவப்பில் ஒரு நாடா. "இனிமே தொலைச்சீங்கன்னா கண்ணு டாக்டர்கிட்ட போங்க" என்று கூடவே ஓர் ஆலோசனையும்.

செடியை மட்டும் பரிசாகக் கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. "பத்துப் பிள்ளை பெத்தவ மடியில இன்னொரு பிள்ளையக் கொண்டுபோய்ப் போட்டு, சந்தோஷமான்னு கேப்பீங்களா?"

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. மகளுக்குக் கல்யாணமான புதிதில் சம்பந்தியம்மாவுக்கு ஒரு செம்பருத்திச் செடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனார். சம்பந்தியம்மா தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடித் தோட்டத்தையும் வார்டு போலத்தான் நடத்துகிறார். செம்பருத்தியின் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருந்ததை இவரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மாடி முழுக்க வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்ட பிறகுதான் பார்த்தார்கள். "வார்டுக்குள்ள தொத்து வியாதியக் கொண்டாந்து விட்டுட்டாரு" என்றார் சம்பந்தியம்மா. அதோடு இவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "உங்க அப்பாவுக்குக் காப்பியில சர்க்கரை போதுமான்னு கேளு." "உங்க அத்தைகிட்ட ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லும்மா." நடுவில் நிற்கும் மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். "இன்னொரு தடவை சொதப்பினீங்கன்னா, நான் ஆயுசு முழுக்க போஸ்ட்மேன்தான்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன மாதம் அதே வீட்டு ஜன்னலில் திரை மாட்டும்போது கர்ட்டன்காரர் ஒரு காட்சியைப் பார்த்தார். சம்பந்தியம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை உரமும் மண்ணும். மூக்கு அரித்தது. தோளில் தேய்த்துப் பார்த்தார், எட்டவில்லை. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, "அடியே, மூக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்து அத்தையின் மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி முகவாயில் கை வைத்தார். "மூக்கு சொறியவா பொண்ணக் கட்டிக் குடுத்தோம்?"

கர்ட்டன்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வலியைக் கண்டுபிடித்துவிட்டார். குழந்தைகளுக்குத் தலை சீவும் மெத்தென்ற பிரஷ் ஒன்றை வாங்கி மரக்கட்டையில் பொருத்தினார். மாடிக் கதவின் நிலையில், வெளிப்புறமாக, சரியாக மூக்கு உயரத்தில் மாட்ட வேண்டும். சம்பந்தியின் மூக்கை எப்படி டேப் வைத்து அளப்பது? மகளுக்கு போன் போட்டு, "அத்தை மூக்கு தரையிலேருந்து எவ்வளவும்மா?" என்றார். "அப்பா, வைங்க போனை!"

கடைசியில் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நிற்கும் சம்பந்தியம்மாவின் மூக்கு நுனி இவருடைய சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு நேரே இருந்தது. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டன் வரை அளந்தார்.

சம்பந்தியம்மா உரம் வாங்கப் போன நேரத்தில், கதவுக்குத் திரை போடும் சாக்கில் பிரஷை மாட்டினார். திரும்பி வந்தவர் மாடிக்குப் போய் மண்ணில் கை விட்டார். வேர்வை வழிந்தது. மூக்கு அரித்தது. "அத்தை, அங்க போய்த் தேச்சுப் பாருங்க, அப்பா பரிசு" என்று மகள் பயந்துகொண்டே கதவைக் காட்டினாள்.

பிரஷ் சம்பந்தியம்மாவின் நெற்றியைத் துடைத்தது.

கர்ட்டன்காரர் பிழைப்பு முழுக்க வீட்டுக்கு உள்ளே நின்று அளந்தவர். மாடித் தளம் வீட்டுத் தரையைவிட ஒரு படி கீழே இருப்பது அவர் கணக்கில் வரவே இல்லை.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, என் மூக்கு இன்னும் பழைய இடத்துலதான் இருக்குன்னு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கர்ட்டன்காரர் காது சிவக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்க்ரூக்களை வாயில் கவ்வி, பிரஷை இறக்கத் தயாரானார். அதற்குள் சம்பந்தியம்மா தொட்டிக்குத் திரும்பப் போனார். திரும்பும்போது பிரஷ் அவர் பின்தலையில், கொண்டைக்குச் சற்று மேலே, வெயிலில் நமநமவென்று அரிக்கும் இடத்தில் பட்டது.

நின்றார். தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினார். கண்கள் சொருகின. பெரிய டாக்டர்களையே நடுங்கவைத்த முகம், தொட்டிலில் கிடக்கும் குழந்தை முகமாகிவிட்டது.

"அதை இறக்காதீங்க அண்ணே."

மகள் இந்தப் பக்கம் திரும்பிச் சேதியைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. கர்ட்டன்காரருக்கோ வாய் நிறைய ஸ்க்ரூ இருந்தும் ஒரு சொல் வரவில்லை.

"மூக்குக்குத் தனியா ஒண்ணு மாட்டுங்க" என்றார் சம்பந்தியம்மா. வெறுங்காலோடு கதவு நிலையை ஒட்டி விறைப்பாக நிமிர்ந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மண் ஒட்டிய விரலால் தம் மூக்கு நுனிக்கு நேரே மரத்தில் ஒரு பொட்டு வைத்தார்.