பின்சக்கரத்தில் ஒரு குமிழி

ரப்பரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரியங்கோட்டில் முற்றத்துக்கு முற்றம் ரப்பர் ஷீட் கொடியில் தொங்கும். கஞ்சி குடிக்கிறபோதும் ஒரு கண் அதன்மேல்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரிலும் என் அக்காவைக் கட்டிய அத்தானுக்குத் தனிப் பேர் உண்டு. ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், மோந்து பார்ப்பார், பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். "நாலாம் தரம்" என்று அவர் சொல்லிவிட்டால் கொண்டுவந்தவன் மறுபேச்சில்லாமல் மடித்து வைப்பான். "அவருக்கு விரல்ல கண்ணு உண்டு" என்று சொல்லிக்கொள்வார்கள். மனிதர்கள் இப்படி எதையாவது சொன்னால் எனக்கு மறக்காது. அதை நானும் நாலு இடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நடந்தவன்தான். இப்போது சொல்லுவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தான் மலைச்சரிவில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய பிக்கப்பை நான் ஓட்டினேன். காலையில் மேலே ஏறுவேன். பதினொரு மணிவாக்கில், ரப்பர்ப்பால் நிறைந்த டிரம்களையும் பாலெடுக்கும் ஏழு பெண்களையும் ஏற்றிக்கொண்டு கீழே ஷீட் கொட்டகைக்கு இறங்குவேன். பெண்கள் வந்தால்தான் அங்கே பாலை ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிக்க முடியும். வழியிலேயே பால் உறைந்துவிட்டால் அன்றைய பாடு அத்தனையும் போச்சு. வழியோ வெறும் செம்மண். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பாறை உடைத்து விட்டுப்போன பள்ளம்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. நெய்யாற்றின்கரையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமையான மனிதர். ஒவ்வொன்றாக உருட்டிவந்து காட்டினார்.

"இது தார் ரோட்டுக்கு உள்ளது. நல்லா ஓடும், சத்தம் காட்டாது. சேத்துல எறக்குனா கைய விரிச்சிரும்."

அடுத்தது, சேற்றைக் கவ்வுவதற்குக் கட்டை கட்டையாகப் பூ வெட்டிய புது டயர். உள்ளே நைலான் துணி எட்டு அடுக்கு, கல்லிலும் சேற்றிலும் பாரத்தோடு ஓடத் தோதானது. ஆனால் எங்கள் சக்கரத்தின் அளவில் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். மூன்றாவது, பழைய டயரின்மேல் புது ரப்பர் வைத்துச் சுட்டெடுத்தது. அதிலும் பூ ஆழமாக, கை விரல் புதைகிற அளவுக்கு இருந்தது.

அத்தான் அந்த மூன்றாவதின் முன்னால் குந்தினார். மோந்தார். நகத்தால் கீறினார். ஓரத்தில் ஒரு பிசிறைக் கிள்ளிப் பல்லில் வைத்து இழுத்தும் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"இதாக்கும் சாதனம். ஒண்ணாந்தரப் பாலு."

"உள்ளயும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க முதலாளி" என்றார் கடைக்காரர். "மேல உள்ளதுதான் புதுசு. உள்ள பழசாக்கும்."

"உள்ள என்ன உண்டு? துணி. துணி பாக்கணும்னா நான் துணிக்கடைக்குப் போவேனே."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் கூடுதல் சத்தமாகச் சிரித்தேன்.

அந்த வகையிலேயே நாலு வாங்கினோம். டயரை மாட்டியது பாறசாலையில் எங்களுக்குப் பழக்கமான பஞ்சர் கடையில். அந்த மனிதர் எந்த டயரையும் மாட்டுவதற்கு முன்னால் உள்ளே தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுத் தடவுவார். மூன்றைத் தடவிவிட்டு வைத்தார். நாலாவதில் கை ஓரிடத்தில் நின்றது. முன்னால் போனது, திரும்ப அதே இடத்துக்கு வந்தது.

"மூணும் குழப்பமில்ல. இதுல உள்ள பழைய கிழிசல் உண்டு முதலாளி. ஒட்டு போட்டிருக்கு. இது பவுடர் பூசி, தலை சீவி வந்திருக்கு. ஆனா இடுப்பு ஒடிஞ்ச ஆளாக்கும்."

"ரப்பரைத் தொட்டுப் பாரும் வே."

"ரப்பருக்கு என்ன, நல்ல ரப்பர்தான். பாரத்தைத் தாங்குறது அது இல்லியே. இதை ஸ்டெப்னியாத் தொங்கவிடுங்க. முன்னால மாட்டச் சொன்னா நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப பின்னால மாட்டும்."

"பின்னாலயும் ஆளு இருக்குல்லா."

"ரப்பரை எனக்கு நீரு படிப்பிக்காண்டாம்."

அவர் அதைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனார். பின்னால் இடது பக்கம் மாட்டினார். நான் வண்டியை எடுக்கும்போது ஜன்னலருகே வந்து மெதுவாக, "தினம் அதை ஒண்ணு தடவிப் பாத்துக்கோ மக்கா. அது உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யும்" என்றார்.

மழை வந்தது. டயர்கள் சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறின. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லாரும் மாமி என்போம். தோட்டத்தில் வாய் நீளமும் சிரிப்பும் அவருக்குத்தான். "பன்னி கெழங்கு தோண்டுன மாதிரி ஏறுதுலே ஒன் வண்டி" என்றார். மாமி எப்போதும் இடது பின்சக்கரத்துக்கு மேலேதான் உட்காருவார். அங்கேதான் முதுகு சாய ஒரு கம்பி உண்டு.

மூன்றாவது வாரம், வண்டிக்கு அடியில் படுத்துத் தடவியபோது விரலில் அகப்பட்டது. டயரின் உள்பக்க ஓரத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. அடுத்த நாளும் தடவினேன். ஒரு வாரத்தில் எலுமிச்சை அளவாயிற்று.

அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முட்டிபோட்டு, கையை நீட்டி அமுக்கினார். சிரித்துவிட்டார்.

"குமிழியாக்கும் மக்கா. ஷீட்டுல குமிழி வாறதை நீ பாத்ததில்லியா? தரம் ஒண்ணு கொறையும். அதுக்காக ஷீட்டு கிழிஞ்சா போவும்?"

"இது ஷீட்டு இல்லியே அத்தான்."

"பின்ன என்ன, சப்பாத்தியா? எல்லாம் மரத்துல இருந்து வந்த பாலுதான்."

ஸ்டெப்னியை மாட்டலாமா என்று கேட்டேன். அது பழைய மொட்டை. அதை வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்குவது அதைவிட மோசம் என்று எனக்கே தெரியும். புது டயர் ஒன்று சொல்லிவைப்போம் என்றேன். மழை முடியட்டும் என்றார்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். டிரம்களை வலது பக்கம் நெருக்கி வைத்தேன். இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போனேன். "என்னலே, கல்யாண ஊர்கோலமா போற?" என்று மாமி கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்களிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது எழுதுவது எளிது. ஏழு பேர் அத்தானிடம் கூலிக்கு நின்றவர்கள்; அவர்கள் அடிக்கும் ஷீட்டைத் தரம் பிரிப்பதும் அவர்தான். அவர் கைக்கு ரப்பர் தெரியவில்லை என்று அவர்கள் முன்னால் நான் சொன்னால், அது அவரை நடுச் சந்தையில் வேட்டி அவிழ்த்து நிறுத்துவது போல. அக்கா முகத்தில் பிறகு எப்படி விழிப்பேன்? இப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் கீழே வந்து சேர்ந்ததும், இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மழை சற்று விட்டிருந்தது. அத்தானும் மேலே வந்திருந்தார். டிரம்களை ஏற்றியானபின் நான் சக்கரத்தடியில் கையை விட்டேன். கோழிமுட்டை அளவுக்குத் தள்ளி நின்றது. அதன் உச்சியில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் நூல் தட்டுப்பட்டது.

அத்தானை ஒரு மரத்துக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனேன்.

"இண்ணைக்கு நான் ஆளை ஏத்தமாட்டேன். டிரம்மை மட்டும் கொண்டுபோறேன். அவங்க நடந்து வரட்டும்."

"அவளுவ நடந்து வர அரை மணிக்கூர் ஆவும். பால யாரு ஊத்துறது, உன் அக்காவா?"

"நூலு தெரியுது அத்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னப் பையன் பயப்படுகிறான் என்கிற இரக்கம்தான். "சாவியத் தா. நான் கொண்டு போறேன்" என்று கையை நீட்டினார். அவர் மூத்தவர், வண்டியும் அவருடையது. கொடுத்தேன்.

பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். "அத்தானும் மச்சினனும் என்ன ரகசியம்? எங்களையும் சேத்துக்கிடப்பிடாதா?" என்றார் மாமி. அத்தான் வண்டியைக் கிளப்பினார். நான் மாமியின் முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"பிடிச்சிருங்க மாமி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"பிடிக்காம பின்ன? பறக்கவா போறேன்?"

வண்டி வளைவில் மறைந்தது. நான் பின்னால் நடந்தேன். நடந்தேன் என்பது பொய், பாதி ஓடினேன். இரண்டாம் வளைவுக்கு எட்டுமுன் கேட்டது. பாறைக்கு வெடி வைத்தது போல ஒன்று. அதன்பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. பிறகுதான் பெண்களின் குரல் எழும்பியது.

வண்டி பள்ளத்துப் பக்கம் போகவில்லை. மண்சுவரில் இடித்துச் சரிந்து கிடந்தது. டிரம்கள் உருண்டு திறந்து, செம்மண் வழி நெடுக வெள்ளையாகப் பால் ஓடியது. எல்லார் மேலும் அந்த வெள்ளை. யாருக்கு எங்கே அடி என்று முதலில் தெரியவே இல்லை. ஆறு பேர் தட்டுத்தடுமாறி எழுந்தார்கள். மாமி எழவில்லை. ஒரு டிரம் அவருடைய முழங்கால் மேல் கிடந்தது. அதைப் புரட்டித் தள்ள நாலு பேர் வேண்டியிருந்தது.

அத்தானுக்கு நெற்றி கிழிந்திருந்தது. அவர் சக்கரத்தின் அருகில் உட்கார்ந்திருந்தார். டயரின் பக்கவாட்டு வாய் பிளந்து, உள்ளே துணி மக்கிப்போய், தொட்ட இடத்தில் பொடிந்து வந்தது. மேலே ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. "ரப்பருக்கு ஒண்ணும் ஆவல்லியே" என்று யாரிடமோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியின் காலை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் அது பிறகு மடங்கவில்லை. மலையேறும் வேலை அத்தோடு தீர்ந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அத்தான் பார்த்தார். வாரந்தோறும் மாமி வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று திரும்பிவிடுவார். உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான் உள்ளே போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் இருக்கும். மாமி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். ஆரஞ்சு கொண்டுபோயிருந்தேன், உரித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

"அண்ணைக்கு நீ பிடிச்சிருங்கன்னு சொன்னியே" என்றார் மாமி. "இத்தன நாளும் நீ அப்பிடிச் சொன்னதில்ல. உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துது, இல்லியா மக்கா?"

"தெரியும் மாமி."

அவர் கையிலிருந்த சுளையை வாயில் போடாமல் தோலின் மேலேயே திரும்ப வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எறங்கி நடந்திருப்பேனே" என்றார். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னார். "எனக்கு நடக்க மடியோ சோம்பலோ கிடையாதே."