எல்லாச் சபைக்கும் ஒரே யூதாஸ்

குமாரதாஸைப் பத்தி யாராவது சொல்லணும்னா செல்வன் சார்தான் சொல்லணும். எங்க இசை ஊழியத்தைத் தொடங்கினவரு அவருதான். ஆனா அவரு சொன்னா எல்லாரும் நல்லவங்களாயிருவாங்க, நானும் நல்லவளாயிருவேன். அதனால நானே சொல்லுகேன். என் பேரு நேசம்மாள். நாகர்கோவில்ல தையல் கடை வச்சிருக்கேன். ஊழியத்துக்கு வேண்டிய உடுப்பைத் தைக்கது, துவைக்கது, பெட்டியில அடுக்கது எல்லாம் என் தலையிலதான். பத்து வருசத்துல ஒருத்தரும் ஒரு தேங்க்ஸ் சொன்னது கிடையாது. அது கெடக்கட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளு, லெந்து நாள் வந்தா நாங்க சபை சபையா போயி இயேசுவோட பாடு மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பாட்டு நாடகமா போடுவோம். மேடைச் சாமானும் லைட்டும் உடுப்பும் எங்களோடது. பாட்டும் நடிப்பும் அந்தந்தச் சபைப் பாட்டுக் குழுவோடது, கொயர்னு சொல்லுவோம். செல்வன் சார் ரெண்டு மாசம் முன்னாலயே போயி சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு நாலு குரலையும் பிரிச்சு உக்கார வச்சுப் பழக்குவாரு. சொந்த ஊருப் பிள்ளைங்க மேடையில நின்னாத்தான் ஊரு திரண்டு வரும்ங்கது அவரு கணக்கு. கணக்கு சரிதான். ஒரே ஒரு எடத்துலதான் இடிச்சுது.

பேதுரு வேஷத்துக்கு நாலு பேரு அடிபிடி போடுவாங்க. பிலாத்துவுக்குக்கூட ஆளு உண்டும், பெரிய நாற்காலியும் செவப்புப் போர்வையும் கிடைக்கும்லா. யூதாஸ்னு சொன்ன உடனே ஒருத்தனுக்குப் பல்லுவலி, ஒருத்தனுக்கு டியூட்டி, ஒருத்தனுக்கு வீட்டுல அம்மை விடமாட்டேங்கா. 2005ல முதல் நாடகத்துக்கு ஒரு பையனை மல்லுக்கட்டி நிறுத்தினோம். மறு மாசம் அவனுக்குப் பேசி வச்சிருந்த கல்யாணம் வேற எதுக்கோ தட்டிப்போச்சு. போதாதா? அடுத்த வருசம் எந்தச் சபையிலயும் அந்தப் பேரை வாயில எடுக்க முடியல.

அப்பதான் குமாரதாஸ் வந்தான். வடசேரியில ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில லென்சு தேய்க்கிற வேலை. ஊரு தக்கலைக்கு மேக்க. அப்பா இல்ல, அம்மை மட்டும். சொந்தச் சபைக் கொயர்ல டெனர், அதாவது ஆம்பிளைங்கள்ல மேல்குரல், பாடுவான். குரல்னா அப்படியொரு குரல், கேட்டுட்டு நின்னா அடுப்புல வச்ச பாலு பொங்குகது தெரியாது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு டெனர் பழக்க ஒரு ஆளு வேணும்னு செல்வன் சார் கூப்பிட்டுத்தான் வந்தான். வந்த முதல் வாரமே, யூதாசுக்கு ஆளில்லாம நாடகம் நிக்கப்போற நெலமையைப் பாத்துட்டு, நான் நிக்கேன் சார்னு சொல்லிட்டான். முப்பது வயசு, கல்யாணம் ஆகாதவன், கொஞ்சம் யோசிக்காண்டாமா? யோசிக்கல.

அன்னையில இருந்து அது எங்க வழக்கமாவே ஆயிப்போச்சு. இயேசு உங்க சபை, பேதுரு உங்க சபை, யூதாஸை நாங்க கொண்டு வருவோம். சபைக்காரங்களுக்கு ஒரே சந்தோசம். செல்வன் சாருக்கு நிம்மதி. எனக்கும் வேலை மிச்சம், மத்த வேஷத்துக்கெல்லாம் சபைக்குச் சபை அளவு மாத்தணும், யூதாசோட பழுப்பு அங்கிய மட்டும் தொடாண்டாம். கொஞ்ச நாள்ல அவன் டெனர் பழக்குகதையும் நிறுத்தியாச்சு. யூதாஸ் முன்கூட்டியே வந்து கூட இருந்து சிரிச்சுப் பேசினா மேடையில பாக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு இது வராதுன்னு செல்வன் சார் சொன்னாரு. அதுவும் எங்களுக்குச் சரியாத்தான் பட்டுது.

ஒரு சபைக் கொயர்னா எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான். மாமன் மச்சான், கூடப் படிச்சவங்க, அடுத்தடுத்த வீட்டுக்காரங்க. ரெண்டு மாசமா ஒண்ணாப் பாடி, ஒண்ணாக் கட்டஞ்சாயா குடிச்சிருப்பாங்க. இவன் கடைசி ரெண்டு ஒத்திகைக்கு மட்டும் பஸ்ஸுல போயி எறங்குவான். சாப்பாட்டு நேரத்துல இவன் பக்கத்துல உக்காரணும்னு ஒருத்தருக்கும் தோணாது. வெறுப்பு ஒண்ணும் கிடையாது, தெரியாத ஆளு, அவ்வளவுதான். யூதாஸ் முத்தம் குடுத்து இயேசுவைக் காட்டிக்குடுக்கிற கட்டத்துல மட்டும், இயேசுவா நிக்கவன் சில ஊருல முகத்தைத் திருப்பிக்கிடுவான்.

நாடகம் பாதி ஆகும்போது யூதாஸ் நாண்டுகிட்டுச் செத்துருவான். வெள்ளைத் திரைக்குப் பின்னால லைட்டைப் போட்டு நிழலாக் காட்டுவோம். ஊரே மூச்சை அடக்கிட்டு இருக்கும். அது முடிஞ்சா அவன், போதகர் அங்கி மாத்துக வெஸ்ட்ரி ரூமுக்குள்ள போயி உக்காரணும். பெறகு ஒரு மணிக்கூறு அவனுக்கு வேலை கிடையாது. கடைசியில உயிர்த்தெழுந்த பாட்டு ஒண்ணு வரும். பிலாத்து, சாட்டையால அடிச்ச சேவகன், ஆணி அடிச்சவன்னு எல்லாரும் வெள்ளை அங்கிக்கு மாறி மேடையில ஏறுவாங்க. நாப்பது அம்பது பேரு நாலு குரல்ல பாடும்போது எனக்கே அழுகை வரும். அதுல யூதாஸ் மட்டும் கிடையாது. ஒருக்கா ஊசி எடுக்க வெஸ்ட்ரிக்குப் போனேன். அவன் தனியா உக்காந்து, சத்தமில்லாம வாயை மட்டும் அசைச்சு டெனர் பாடிட்டு இருந்தான். என்ன தம்பி, ஊமைப் பாட்டான்னு கேட்டேன். சிரிச்சான். எனக்கும் வேலை கெடந்துது, வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல மூணு எடத்துல பொண்ணு பாத்தான். ஒரு வீட்டுல சாயா கொண்டுவந்த பிள்ளையே, இது நம்ம கோயில்ல வந்த யூதாசு அண்ணன்லான்னு கேட்டு, வீடே சிரிச்சிருக்கு. அந்தச் சம்மந்தம் நடக்கல. அதுனாலதான் நடக்கலயான்னு எனக்குத் தெரியாது.

2014ல அவன் சொந்தச் சபையில இருந்தே எங்களைக் கூப்பிட்டாங்க. எட்டு வருசமா லெந்து ஞாயிறெல்லாம் எங்ககூட அலைஞ்சதுல அந்தக் கொயர்ல அவன் எடம் போயிருந்துது, புதுப் பிள்ளைங்க வந்திருந்தாங்க. ஒருநாள் கடைக்கு வந்து, சுத்தி வளைச்சு, பெறகுதான் சொன்னான். "அக்கா, எங்க அம்மை வருவா. இதுவரை ஒரு நாடகமும் அவ பாத்தது இல்ல. நான் தொங்குகதப் பாத்ததோட அவ வீட்டுக்குப் போகாண்டாம். கடைசிப் பாட்டுல டெனர் வரிசையில ஒரு ஓரத்துல நின்னா போதும்."

எட்டு வருசத்துல அவன் எங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதான். செல்வன் சாரும் சரின்னுட்டாரு. நான் அன்னைக்கே துணி எடுத்து ஒரு வெள்ளை அங்கி தைச்சேன். ஒசரமான ஆளு, நாலு விரக்கடை கூட வச்சுத் தைக்க வேண்டியிருந்துது.

நாடகத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கடைசி ஒத்திகை. குமாரதாஸ் கடைசிப் பாட்டுக்கு டெனர் வரிசையில போயி நின்னான். பெஞ்சுல இருந்து சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் எழும்பினாரு. யூதாஸ் மோட்சத்துல நிக்கான்னு வேதத்துல எங்க எழுதியிருக்குன்னு கேட்டாரு. அவர் யூதாசா நிக்கல ஐயா, டெனரா நிக்காருன்னு செல்வன் சார் சொன்னாரு. மூஞ்சியப் பாத்தா சனங்களுக்குத் தெரியாதான்னு பெரியவர் கேட்டாரு. உடனே நாலு பேரு இந்தப் பக்கம், நாலு பேரு அந்தப் பக்கம். பாட்டு நின்னுபோச்சு. நடுவுல குமாரதாஸ் தலையைக் குனிஞ்சுட்டு நிக்கான். அது அவன் ஞானஸ்நானம் எடுத்த கோயில், கேட்டியளா. சண்டையெல்லாம் வேதத்தைப் பத்தித்தான், அவனுக்காக ஒரு வார்த்தை பேச அவன் ஊருக்காரன் ஒருத்தன் வாயைத் தொறக்கல.

செல்வன் சாருக்குச் சண்டைன்னா ஆகாது. எப்படியாவது தப்பிக்கணும்னு என்னைப் பாத்து, நேசம்மா, அங்கி உண்டுமான்னு கேட்டாரு.

அங்கி என் பையில மடிச்சு இருந்துது. எனக்குக் காலு வலி, பசி வேற. அம்பது உடுப்பு தேய்க்கக் கெடக்கு. இந்தச் சவத்துச் சண்டை முடிஞ்சா போதும்னு இருந்துது. "அங்கி ஒண்ணு கொறையுது சார்"னு சொன்னேன். எல்லாருக்கும் மூச்சு வந்துது. குமாரதாஸ் என்னை ஒருக்கா பாத்தான். பெறகு வரிசையில இருந்து எறங்கி வந்துட்டான். நான் செஞ்சது துரோகம்தான், அதுக்கு வேற பேரு கிடையாது.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் கோயில் நெறைஞ்சுது. அவன் அம்மை சட்டைக்கு மேல வெள்ளைக் கவணித் துணி போட்டு முன்வரிசையில வந்து உக்காந்திருந்தா. எழுவத்தஞ்சு வயசு இருக்கும். நிழலுல அவன் தொங்கினப்ப அவ கண்ணை மூடிக்கிட்டா. கடைசிப் பாட்டு தொடங்கின உடனே பாக்கணுமே, நிமிந்து உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியாத் தேடுகா. நான் மேடை ஓரத்துல நின்னு அதைப் பாத்துட்டு இருந்தேன். கடைசிப் பாட்டுல வருவேன்னு அவன் முன்னாலயே சொல்லி வச்சிருக்கான். இல்லன்னு மாத்திச் சொல்ல அவனுக்கு வாய் வரல போல.

முடிஞ்ச பெறகு அவ கூட்டத்துக்குள்ள வந்து என் கையைப் பிடிச்சா. "வெள்ளை உடுப்புல எம்பிள்ளை எங்க நின்னான் மக்கா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

பின்வரிசையில நின்னாரு அம்மா, மறைவாப் போச்சுன்னு சொன்னேன். அவ மொகம் தெளிஞ்சுது. அப்படியான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, கண்ணைத் தொடச்சுட்டுப் போனா. நான் வெஸ்ட்ரிக்குப் போயிப் பாத்தேன். பழுப்பு அங்கி மடிச்சு வச்சிருந்துது, ஆளு இல்ல. எல்லாரும் சேந்து போட்டோ எடுத்தப்ப அவன் இல்லங்கதே ஒருத்தருக்கும் தெரியல.

அதோட அவன் ஊழியத்துக்கு வரல. ஏன்னு செல்வன் சார் போன்ல கேட்டதுக்கு, கடையில வேலை கூடுதல்னு சொல்லியிருக்கான். அடுத்த வருசம் நாங்க யூதாஸ் வேஷத்தையே எடுத்துட்டு நாடகம் போட்டோம். சேவகர் நேரா தோட்டத்துக்குள்ள வந்து இயேசுவைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க. ஏழு சபையில போட்டோம். யூதாஸ் எங்கன்னு ஒரு குஞ்சு கேக்கல. அந்த வருசந்தான் எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டுது.

மூக்குக்கண்ணாடியோட காலு ஒடிஞ்சுபோச்சுன்னு ஒரு சாக்கை வச்சுக்கிட்டு வடசேரிக்குப் போனேன். அவன் உள்ள இருந்து வந்து, நல்லா இருக்கியளா அக்கான்னு கேட்டு, எனக்கு ஸ்டூல் போட்டான். அங்கி இருந்துது தம்பி, நான் பொய் சொல்லிட்டேன்னு சொன்னேன். தெரியும், பையில வெள்ளையாத் தெரிஞ்சுதுன்னு சொன்னான். கோவமே இல்ல. பெறகு ஸ்குரூவை முறுக்கிட்டே மிச்சத்தையும் சொன்னான். அவன் பின்வரிசையில நின்னான்னு நான் சொன்னதை அவன் அம்மை ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்திருக்கா. கொயர்ப் பிள்ளைங்க, இல்ல பாட்டி, யூதாசு செத்த பெறகு மேடையில ஏறலன்னு சொன்னதுக்கு அவங்ககிட்ட சண்டைக்குப் போயிருக்கா. அதுக்குப் பெறகு அந்தக் கோயிலுக்கு ரெண்டு பேரும் போகல. அம்மை வீட்டுலயே ஜெபம் பண்ணுகா. இவன் ஞாயித்துக்கிழமை டவுன்ல ஏதோ ஒரு கோயில்ல பின்னால உக்காந்துட்டு வந்துருகான். பாடுவியான்னு கேட்டேன். இல்ல அக்கான்னான்.

எனக்கு வெப்ராளம் தாங்கல. எங்க சபைக்கு வா, எங்க கொயர்ல டெனருக்கு ரெண்டு கிழவனுகதான் இருக்கான், நான் ஆல்டோவுல நிக்கேன், உன்னை யாரு என்ன கேக்கான்னு பாக்கேன்னு சண்டை போடாத கொறையாச் சொன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு சரின்னான். 2016 சூன் மாசம் முதல் ஞாயிறு, வெள்ளைச் சட்டையைத் தேச்சுப் போட்டு, பாட்டுப் புஸ்தகத்தோட வந்தான். கொயர் படியில அவனை நிறுத்தினேன். ரெண்டு கிழவனுகளும் நகந்து எடம் குடுத்தாங்க. அவன் மொகத்தை அப்ப நீங்க பாத்திருக்கணும்.

எங்க கொயர் மாஸ்டர் ஞானதாசன் தங்கமான மனுசன், சூதுவாது கிடையாது. இவனைப் பாத்த உடனே பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சாரு. எல்லாரையும் திரும்பிப் பாத்து, "யாரு வந்திருக்கான்னு பாத்தியளா? நம்ம யூதாசு"ன்னாரு.

கொயரே சிரிச்சுது. பிரியமாத்தான் சிரிச்சாங்க. குமாரதாசும் கூடச் சிரிச்சான். அன்னைக்கு ஆராதனை முழுக்கப் பாடினான், ஒரு எடத்துலயும் பிசகல, போதகரே திரும்பிப் பாத்தாரு. முடிஞ்சு வெளிய வந்து, போயிட்டு வாறேன் அக்கான்னான்.

மறு ஞாயிறு வரல. அதுக்கடுத்ததும் வரல. ஆளு வடசேரியில அந்தக் கடையிலதான் இருக்கான், என் கடையில இருந்து பத்து நிமிச நடை. நான் போயி ஒரு வார்த்தை கூப்பிட்டா மறு பேச்சுப் பேசாம வந்துருவான், யூதாசுன்னு கூப்பிட்டா கூடச் சேந்து சிரிக்கவும் செய்வான். அதனாலதான் நான் கூப்பிடப் போகல.