என் நம்பரில் ஒரு மலை

நோயாளியைத் தொடாமல், ஊசி போடாமல், மாத்திரையும் கொடுக்காமல் ஆஸ்பத்திரியிலேயே அதிகமாகத் திட்டு வாங்கும் வேலை, வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் வேலைதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அந்த வேலையை நான் செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். நான் ஒப்பந்த ஊழியர்; எனக்கெல்லாம் மெமோ கொடுத்துக் காகிதத்தை வீணாக்கமாட்டார்கள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்து ப்ளீஸ், தேங்க்யூ எல்லாம் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்தவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு என்னிடம் மிஞ்சியது நான்கே வார்த்தை: பேரு, வயசு, நம்பரு, அடுத்தாளு. உங்களில் பலர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னை மனசுக்குள் வைதிருப்பீர்கள். தப்பில்லை. இப்போது நானும் உங்கள் வரிசைக்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

என் மகளுக்குப் பதினோரு மாதம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், எடுத்த இடத்திலேயே மறுபடியும் வைத்தார். அந்த இரண்டாவது தடவைதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. "ஒரு சத்தம் கேக்குது. ஒண்ணுமில்லாமலும் போகலாம். எதுக்கும் எக்கோ எடுத்துப் பாத்துடுங்க" என்றார். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். அதை எடுக்கிற டாக்டர் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் வருகிறார். எந்த வியாழக்கிழமை என்பதைப் போனில் சொல்வார்கள். போனில் சொல்வார்கள் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதே போடு

கம்ப்யூட்டருக்கு வயசு தெரிந்தாக வேண்டும். மலையிலிருந்து வருகிறவர்களில் வயதானவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. முழங்கால் வலி என்று வந்த ஆண்டி என்பவரிடம் வயசு கேட்டேன். "அது இருக்கும்" என்றார். எவ்வளவு இருக்கும் என்று கேட்டதற்கு, "கோமுகி அணை கட்டறப்ப மண்ணு சுமந்தேன். அப்ப மீசை மொளைக்கல" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானாக ஒரு கணக்குப் போட்டு எழுபத்தைந்து என்று தட்டி, சரியா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியின் ஓட்டைக்குள் முகத்தைக் கொண்டுவந்து, ரகசியம் போலச் சொன்னார்: "எழுபத்தஞ்சு வாணாம்மா, அறுபதே போடு. எழுபத்தஞ்சுன்னா உள்ள இருக்கற டாக்டரு, வயசாயிடுச்சு, அப்படித்தான் வலிக்கும்னு அனுப்பிடுவாரு. அறுபதுன்னாதான் நோவுன்னு ஒத்துக்குவாரு."

ராசியான நம்பர்

வயசையாவது உத்தேசமாகப் போடலாம். போன் நம்பருக்குப் பத்து இலக்கம் இல்லையென்றால் திரை அடுத்த பக்கத்துக்கே நகராது. வெள்ளிமலை பஸ் வந்து நின்றதும் ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் இறங்கி ஓடிவருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் போன் இல்லை. மீதிப் பேருக்குப் போன் உண்டு, டவர் இல்லை. என் மகள் நெஞ்சில் யாரும் எந்தச் சத்தமும் கேட்காத காலம் அது. ஒரு நாள் ராமாயி என்று ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். நின்ற இடத்திலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. நம்பர் இல்லாமல் சீட்டு வராது என்றேன். "நம்பர் இல்லன்னா நோவும் இல்லன்னு எழுதிக்குவியா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமாக இருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது. சட்டென்று என் நம்பரையே போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு தடவை செய்தது தப்பு. மறுநாளும் செய்தால் அது வசதி. ஒரு மாதத்துக்குள் போன் இல்லாத எல்லோருக்கும் என் நம்பர்தான். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மலையில் இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, ஒரு நாள் கடுக்காய் மூட்டையோடு வந்த ஒருவர், கையில் சொந்தப் போனை வைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் அந்த ராமாயிக்குப் போட்ட நம்பரையே போடும்மா. அந்த நம்பருக்கு ஊசி வலிக்கறதில்லையாம்."

திருப்தி

அதற்குப் பிறகுதான் அழைப்புகள் வர ஆரம்பித்தன. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களை எங்கிருந்தோ ஒரு பெண் கூப்பிட்டு, சேவை திருப்தியா என்று கேட்பாள். முதல் அழைப்பில் நான் உண்மையைச் சொன்னேன்: ஆண்டி ஐயா மலையில் இருக்கிறார், இது சீட்டுப் போடுகிறவளின் நம்பர். "அப்படின்னா 'பேச முடியவில்லை'ன்னுதான் போடணும் மேடம், மறுபடி கூப்பிடுவோம்" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். நாலாவது தடவை நான் ஆண்டி ஆகிவிட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது ஐயா என்றாள். பரவாயில்லைம்மா என்றேன். திருப்தியா என்றாள். திருப்தி என்றேன். பொய் சொன்னால் கான்வென்ட்டில் முட்டி போடச் சொல்வார்கள். மூட்டுவலிக்காரர் பேரில் பொய் சொன்னால் என்ன தண்டனை என்று சிஸ்டர் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆண்டிக்குத் திருப்தி, ராமாயிக்குத் திருப்தி, கடுக்காய்க்காரருக்கு ரொம்பத் திருப்தி. இதைச் சிரித்துக்கொண்டே எங்கள் நர்ஸ் கவிதா அக்காவிடம் சொன்னேன். ரெண்டு வார்டுக்கும் சேர்த்து ஒற்றை ஆளாக ஓடுகிறவர் அவர். கையில் டிரேயோடு நின்றார். சிரிக்கவில்லை. "இன்னொரு நர்ஸ் வேணும்னு நாங்க எழுதி எழுதிப் போட்டுக்கினு இருக்கோம். எல்லாம் திருப்தியா இருக்குன்னு பதில் வருதே, எங்கேருந்துடி வருதுன்னு பாத்தேன்."

பெஞ்சு

எங்கள் காத்திருப்புக் கூடத்தில் ஒரு டி.வி. உண்டு. ஒரு நாள் அதில் அரசு மருத்துவமனைகளில் ஏன் இத்தனை நெரிசல் என்று நாலு பேர் விவாதித்தார்கள். டாக்டர் போதவில்லை என்றார் ஒருவர். டாக்டர் இருக்கிறார், கட்டடம் போதவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர், சின்னக் காய்ச்சலுக்கெல்லாம் ஜனங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவதுதான் காரணம் என்றார். திருநாவலூர்க்காரர் ஒருவர், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மண்வெட்டி பட்டுக் காலில் கட்டோடு நின்றவர், "டாக்டரு கம்மி, கட்டடம் கம்மி, நாமதான் ஜாஸ்தியாம். நாம கொஞ்சம் செத்துட்டா சரியாப் பூடும்ங்கறாரு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. சின்னக் காய்ச்சலைப் பெரிய காய்ச்சல் ஆகிறவரை எங்கே வைத்திருப்பது என்று ஒருவர் கேட்டார். சத்தம் தாங்காமல் நான் டி.வி.யை நிறுத்தச் சொன்னேன்.

கரும்பு வெட்ட வந்த இடத்தில் கை கிழிந்து, தரையில் குந்தியிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கிச் சொன்னாள்: "வுடும்மா, பேசட்டும். நாலு பேரும் நல்லா சாஞ்சி உக்காந்துக்கினு பேசறாங்க. இங்க பெஞ்சே இல்லன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்?"

மூன்று தடவை

கவிதா அக்கா சொன்ன பிறகு நான் திருப்தி சொல்வதை விட்டுவிட்டேன். திருப்தி இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை. அந்த அழைப்புகள் லேண்ட்லைனிலிருந்துதான் வரும்; அதனால் லேண்ட்லைன் நம்பர் எது வந்தாலும் கட் செய்துவிடுவேன். நம்பரும் மாறவில்லை, போன் இல்லாதவர்களுக்கு அதைப் போடுவதும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா என் மகள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை இரண்டாம் தடவை வைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு வேலை எதிலும் மனசு இல்லை. பால் குடிக்கும்போது அவள் நிறுத்தி மூச்சு விட்டால், எனக்கு நின்றுவிடும். ஆறு வாரமாகியும் போன் வரவில்லை. நேரில் போய் விசாரித்தேன். அங்கே சீட்டுப் போடுகிறவர் என்னைப் போலவே தலை நிமிராமல் சொன்னார், மூன்று தடவை கூப்பிட்டோம், மூன்று தடவையும் கட் செய்துவிட்டீர்கள், லிஸ்டில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று.

லேண்ட்லைன். அவர்களும் அதிலிருந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள்; அது எனக்குத் தோன்றவேயில்லை. மறுபடி பேரைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரே கம்ப்யூட்டர் கணக்குதான். நம்பரைத் தட்டியவர் முதல்முறையாக நிமிர்ந்தார். திரையைக் கீழே கீழே இழுத்துக்கொண்டே போனார். "இன்னாம்மா இது, இந்த நம்பர்ல ஒரு மலையே இருக்குது. இதுல உங்க கொழந்த யாரு?"

செருப்பு வரிசை

போனை நம்பாமல் அடுத்த வியாழக்கிழமை விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். கவுண்டர் திறக்கவில்லை. ஆனால் வரிசை இருந்தது. ஆளில்லை; செருப்பு, மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், ஒரு செங்கல். ஆட்கள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி வைத்தால் நான் எழுந்து வந்து காலாலேயே தள்ளிவிடுவேன். ஆள்தான் நிற்க வேண்டும், செருப்பு நிற்கக் கூடாது என்பது என் சட்டம். இப்போது மகள் பாலுக்கு அழ, எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றேன். "சீட்டுப் பொண்ணு" என்று ஒரு குரல். ராமாயி. மூச்சு இன்னும் அப்படியேதான் இருந்தது. "செருப்ப என் செருப்புக்குப் பின்னாடி வுட்டுட்டு இப்படி நெழலுக்கு வா" என்றாள்.

அவளுக்கும் எக்கோதான் எழுதியிருந்தார்கள். "போன்ல சொல்றோம்னாங்க. வரல. மூணு வியாழனா வந்துகினு இருக்கேன். போன் பண்ணாதான் வரணும்னா மலையில இருக்கறவ பொறந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரியே பாத்திருக்க மாட்டா." அவளுடைய நம்பர் என்னுடையது. நான் கட் செய்ததில் அவளுக்கு வந்த அழைப்பும் இருந்திருக்கும். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் என் மகளைப் பார்த்தாள். பிறகு, "மூணு வாரம்" என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்குக் கவுண்டர்காரர் வெளியே வந்து, லிஸ்டில் ஒருவர் வரவில்லை, இன்றைக்கு ஒரே ஒரு ஆள் கூடுதலாகப் பார்க்கலாம் என்றார். லிஸ்டில் இருந்தவர்கள் உள்ளே போய்விட, மிஞ்சியதில் முன்னால் இருந்தது ராமாயியின் செருப்பு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நின்று மூச்சு வாங்கிச் சொன்னாள்: "அப்படிப் பாக்காத. எனக்கும் வூட்ல ரெண்டு புள்ள இருக்குது. நீ அடுத்த வாரம் வா. போனுக்குக் காத்துக்கினு இருக்காத, வந்துடு."

இல்லீங்க

ராமாயிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைப் போனில் சொல்வார்களாம். என் நம்பருக்கு. இப்போதெல்லாம் வருகிற அழைப்பு ஒவ்வொன்றையும் எடுக்கிறேன். யாருக்கு எந்தத் தேதி என்று துண்டுச்சீட்டில் எழுதி வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். சீட்டுப் போடுவது எப்படியும் என்னை விடாது போலிருக்கிறது.

இன்று சாயந்திரம் அந்தத் திருப்திப் பெண் கூப்பிட்டாள். ராமாயி அம்மாவா, போன வியாழக்கிழமை எடுத்த எக்கோ சேவை திருப்தியா என்று கேட்டாள். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் தெளிவாக, இல்லீங்க என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "யாரும் அப்படிச் சொன்னதே இல்ல மேடம். இல்லைன்னா அடுத்து என்ன கேக்கணும்னு எங்களுக்குச் சொல்லித் தரல."

நாளை வியாழக்கிழமை: ஊருக்கெல்லாம் "அடுத்தாளு" என்று சொல்லியே காலம் தள்ளிய நான், செருப்பை வரிசையில் விட்டுவிட்டு, அந்த ஒரு வார்த்தையை யாராவது எனக்குச் சொல்லமாட்டார்களா என்று வேப்பமரத்தடியில் மகளோடு உட்கார்ந்திருப்பேன்.