தூரத்துக்கு ஒரு லென்ஸ்

கண்புரை ஆபரேஷனுக்கு முன் டாக்டர் என் கணவரிடம் கேட்டார்: "கண்ணாடி போடாம தூரம் தெரியணுமா, கிட்ட தெரியணுமா? அதுக்கேத்த லென்ஸ் வைக்கலாம்."

குன்னூர் பஜாரில் தேயிலைத்தூள் வியாபாரம் அவருக்கு. நாளெல்லாம் தூளை உள்ளங்கையில் பரப்பி, கண்ணருகே வைத்துத் தரம் பார்ப்பார்.

"கிட்டத்துக்கே வெச்சுக்குங்க" என்றேன்.

அவர் கேட்பாரா? "ஊட்டு வாசல்ல நின்னா எதிர்மலை தெரியோணுங்க டாக்டர்!"

கோவையில் ஆபரேஷன் முடித்துத் திரும்பினால், நான்கு நாளும் மூடுபனி. வாசலில் நின்று, "லென்ஸ மாத்தி வெச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றார்.

"எனக்குந்தான் மலை தெரியலீங்க. நானும் ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?"

ஐந்தாம் நாள் எதிர்மலை பளிச்சென்று தெரிந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். உள்ளே, கையில் சாம்பிள் தூளோடு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வாசலுக்கு வருவதற்குள் மலை மறுபடியும் மூடிக்கொண்டது.