கட்டிலுக்கு அடியில் மூன்று மாதம்

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அது அந்தக் கடைக்கு வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். பத்திரம் நகல் எடுக்க வந்தவர் டாலர் என்ன விலை தெரியுமா என்பார். அடுத்தவர் எல்லையில் படை நிற்கிறது என்பார். ஆதார் அட்டை மிஷினுக்குள் போய் வெளியே வருவதற்குள் ஒரு சண்டையை ஆரம்பித்து, பேங்கை இழுத்து மூடி, கேஸ் கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு, இரண்டு நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு மத்தியானம் சாப்பிட வருவார்.

போதாததற்கு செல்போன் வேறு. சிவப்பு அம்புக்குறி போட்டுக் கண்ணை உருட்டிக்கொண்டு ஒருவன், ‘அடுத்த மூன்று மாதம் உஷார்’ என்பான். அவன் போன வருஷமும் அதைத்தான் சொன்னான். அந்த மூன்று மாதம் என்ன ஆச்சு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கது நடந்து முடிஞ்ச வரலாறு. இது நடக்கப்போறது” என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்துக்கு உப்பே போடவில்லை. மனுஷன் அதைக்கூடக் கவனிக்காமல், போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு தம்ளர் குடித்தார்.

இவர் போட்ட திட்டம் இதுதான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், காலேஜ் போகிற மகன், பிளஸ் டூ படிக்கிற மகள். நாலு பேரும் மூன்று மாதத்துக்கு யாரிடமும் கை நீட்டாமல் இருக்க வேண்டும். அரிசி சிவகிரியிலிருந்து வந்தது. துவரம்பருப்பு, உளுந்து, புளி, கருப்பட்டி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி என்று தினமும் ஏதாவது வந்தது. கேஸ் வராமல் போனால் எரிக்க இரண்டு கட்டு உடைமர விறகு மொட்டைமாடிக்கு ஏறியது. இளையரசனேந்தல் பக்கம் விவசாயம் பார்க்கிற தெரிந்த சம்சாரி ஒருவரிடம் சொல்லி, அவர் காட்டிலிருந்து நேராக ஒரு சாக்கு மிளகாய் வத்தல் வரவழைத்தார். காம்பு கிள்ளாத, மண்ணும் தூசியுமான வத்தல். மூன்று மாதத்தில் நாலு பேர் ஒரு சாக்கு வத்தலைத் தின்றால் சண்டைக்காரன் வந்து கொல்ல வேண்டியதே இல்லை, வயிறே பார்த்துக்கொள்ளும் என்றேன். “வெலை ஏறையில தெரியும்” என்றார்.

இத்தனையும் எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில்தான். எந்தக் கட்டில்? நான் படுக்கிற கட்டில். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு என்பது கல்யாணத்துக்கு முன்னாலேயே அவருக்குச் சொல்லப்பட்ட விஷயம். வத்தல் சாக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தும்மலும் இருமலும் விடவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரேதான்.

“எல்லாம் அந்தச் சாக்பீஸ் தூசி. நாளைக்கு உனக்கு ஒரு மாஸ்க் வாங்கியாரேன்.”

இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்பது முக்கியமான சட்டம். தெரிந்தால் அவசரம் வரும்போது எல்லோரும் நம் வாசலில் வந்து நிற்பார்களாம். அதனால் சாமான்கள் எல்லாம் மத்தியான வேளையில், ஏ-ஃபோர் பேப்பர் வருகிற அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை உட்கார வைத்து ஒத்திகையும் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து அரிசி கேட்டால், ‘எங்களுக்கே இல்லம்மா’ என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

“ஏப்பா, அழுதுகிட்டே சொல்லணுமா, சும்மா சொன்னாப் போதுமா?” என்று மகன் கேட்டான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, இது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிசி நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறபோது எனக்கும் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி நல்லவள்தான். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரே மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள், அந்தப் பிள்ளைக்கும் என்னை மாதிரி மூச்சிழுப்பு உண்டு. மாதக் கடைசியில் அவர்கள் வீட்டு டப்பாவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள்தான் முதலில் வருவாள் என்று நானும் நினைத்தேன்.

இவ்வளவு வாங்கிய மனுஷனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் இன்ஹேலரில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள் என்றேன். கையிலிருந்தது தீரப்போகிற நிலை. அவர் முகம் மாறிவிட்டது.

“ஏட்டி, மருந்தைப் போயி யாராவது வாங்கி அடுக்குவாங்களா? நாமளே வியாதிக்கு இலை போட்டு வான்னு கூப்பிடுத மாதிரில்லா இருக்கு. வாயில நல்ல வார்த்தை வரட்டும்.”

இதற்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டில் மருந்து இருந்தால் வியாதி அதைத் தேடிக்கொண்டு திரும்பி வருமாம். வகுப்பில் மூடநம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி மார்க் போடுகிறவள், அதற்கும் தலையை ஆட்டினேன். அரிசி வாங்கி வைத்தால் பஞ்சம் வராதாம், மருந்து வாங்கி வைத்தால் மட்டும் வியாதி வந்துவிடுமாம். நல்ல குடும்பம்.

இவர் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. கடையடைப்பு வந்தது. ஏதோ ஒரு விஷயத்துக்காக ஒருநாள் எல்லாக் கடையும் அடைப்பு, பஸ்ஸும் ஓடாது என்றார்கள். இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட அப்படி விடியற்காலையில் குளித்துத் தயாரானதில்லை.

“இன்னைக்கு நம்ம ஸ்டாக்குல இருந்துதான் சமையல்” என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்து வத்தல் சாக்கை இழுத்தார். சாக்கு கட்டில் காலில் மாட்டியது. விட்டுவிட்டுப் போகிற ஆளா? ஒரே இழுப்பு. சாக்கு கிழிந்து வத்தலும் விதையும் தூசியும் அறை முழுக்கப் பறந்தன. நான் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தேன்.

நெஞ்சுக்குள் ஒரு கதவை யாரோ இழுத்துச் சாத்தியது போல் இருந்தது. எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டேன். இன்ஹேலரை எடுத்து அழுத்தினால் வெறும் காற்றுச் சத்தம். திரும்பவும் அழுத்தினேன். ஒன்றுமில்லை. இவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்து ஓடினார். மருந்துக் கடைக்கு விலக்கு உண்டு என்பார்கள். எங்கள் பக்கத்து மருந்துக் கடைக்காரர் கல்லெறிக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார். எனக்கு மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். சாகிற நேரத்தில் சாமி நினைப்பு வரும் என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். இத்தனை கிலோ புளியை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்யப் போகிறார்?

மகள் அப்பாவின் சட்டத்தையெல்லாம் மிதித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஒரு நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியே வந்தாள். அவள் கையில் நீல நிற இன்ஹேலர். எதிர்த் திசையிலிருந்து இவரும் வெறுங்கையோடு வந்து இறங்கினார். அவளைப் பார்த்ததும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு நேராக வரவில்லை. அறைக்குள் ஓடிப்போய் கட்டில் விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டார். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவள் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். “டீச்சர், மெதுவா மூச்ச வெளிய விடுங்க. இப்பம் இழுங்க. அப்படியே வச்சிருங்க.” கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு திறந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“இது உன் பிள்ளைக்கு வேணும்லா?” என்று திக்கித் திக்கிக் கேட்டேன்.

“அவளுக்கு வீட்டுல ஒண்ணு இருக்கு. இது பள்ளிக்கூடப் பையில வைக்கதுக்கு. எப்பமும் ரெண்டு வாங்கிருவேன் டீச்சர், அவளுக்கு இழுத்துச்சுன்னா எனக்கு கை காலு ஓடாது.” பிறகு எழுந்து, “எங்க வீட்டுக்காரரு ஆட்டோவ எடுக்காவ. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்” என்றாள்.

எனக்கு மாற்றுச் சேலை எடுக்க அறைக்குள் போனவள், வத்தல் சிதறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு விரிப்பைத் தூக்கினாள். இவர் தூண் மாதிரி நின்றார்.

“வத்தல இங்கனயா வைக்கது? அண்ணாச்சி, எங்க மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு. மூட்டைய எல்லாம் அங்கன போட்டுருங்க.”

“உனக்கு… எப்படிம்மா தெரியும்?” என்றார்.

“பேப்பர் பெட்டியில இருந்து பருப்பு சிந்திக்கிட்டே வந்துச்சே அண்ணாச்சி. நான்தான் கூட்டி அள்ளுனேன். தெருவுக்கே தெரியும்.” அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை. அதுதான் எங்களைக் கொன்றது. “எத்தனை நாளைக்கு வச்சிருக்கிய?”

“நாலு பேருக்கு… மூணு மாசம்.”

அவள் விரலை மடக்கினாள். “நாங்க மூணு பேரு. அப்பம் ஏழு பேருக்கு ஒன்றரை மாசத்துக்கு மேல ஓடும். போதும். டீச்சர் வீட்டுல வாங்கிப் போடுதாவ, நாம தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம்னு எங்க வீட்டுல அன்னைக்கே சொல்லிட்டேன்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது. அவள் என் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பார்த்து நடங்க டீச்சர் என்றாள்.