எரியாத தழும்பு

என் தங்கை கன்னியம்மாவுக்கு முதல் அறிகுறி, வாயிலிருந்த பறி நழுவியதுதான். பழவேற்காடு ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், இறால் போடும் பறிக்கூடையைப் பல்லால் கடித்திருப்போம். மூச்சுக்காக அவள் வாயைத் திறந்தாள்; அன்றைய பாடு முழுவதும் தண்ணீரில் போயிற்று.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மைட்ரல் வால்வு சுருக்கம் (இதயத்துக்குள் ரத்தம் போகும் கதவு ஒட்டிப்போவது) என்றார்கள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை. விலாவுக்கிடையே கீறி, டாக்டர் விரலை விட்டே கதவைத் திறந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் முறை வந்தது. எனக்குப் பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்துத் தைப்பது). மார்பெலும்பைப் பிளந்து, பிறகு கம்பியால் கட்டினார்கள். தும்மினால் உயிர் போய் உயிர் வந்தது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமுவேன்.

அவளோ எப்போதோ ஏரிக்குத் திரும்பியிருந்தாள். உப்புத் தண்ணீர் கடிக்காவிட்டால் புண் ஆறிவிட்டது என்பது எங்கள் குப்பத்துக் கணக்கு. ஏரித் தண்ணீரை என் தழும்பில் தொட்டு வைத்தாள். துடித்துப்போனேன்.

"எனக்கு ஒண்ணுமே எரியல அண்ணே. இன்னாத்துக்கு இன்னும் ஊசி?" என்றாள்.

அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மாதாமாதம் போடும் பென்சிலின் ஊசி அது. நிறுத்திவிட்டாள். எங்களில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. சின்னக் கீறலோடு தப்பித்துவிட்டாளே என்று எனக்குப் பொறாமைகூட இருந்தது.

காய்ச்சல் திரும்பியது. சில வருடங்களில் கதவும் மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலை வெறும் பறி கரை ஒதுங்கியது. பிறகு அவள் உடலைத் தூக்கி வந்தார்கள்.

உங்கள் நெஞ்சிலும் கத்தி பட்டிருந்தால், தழும்பின் நீளத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தோல் ஆறியதை உப்புத் தண்ணீர் சொல்லும். உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது.

வருடக்கணக்கில் என்னைத் தண்ணீரில் இறங்கவிடாத டாக்டர், அவள் போன பிறகு சம்மதித்தார்; நானும் ஏரியில் இறங்கினேன். தண்ணீர் மார்புவரை ஏறியது. எரியவில்லை. கொஞ்சமாவது எரியட்டும் என்று அங்கேயே நின்றேன். அவள் காதருகில் வந்து "ஒண்ணுமே எரியல அண்ணே" என்று சொன்னதுபோல் இருந்தது.

இப்போதெல்லாம் நான் பறியைக் கடிப்பதில்லை, இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். வாயை மூடு, ஈ நுழையப்போகிறது என்று என் மனைவி கேலி செய்வாள். நான் மூடுவதில்லை. ஒவ்வொரு மூச்சும் வந்துசேரும்வரை காத்திருக்கிறேன்.